புகை அலாரம் பொய் சொல்வதில்லை

விறகடுப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்காகப் பத்து பெரண்டாமில் நடந்த சுகாதார விளக்கக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

நான் மருத்துவர் அல்ல, பொம்பாவில் வேலை செய்பவளும் அல்ல. பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தவள். சுகாதாரக் கையேடுகளை மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மாற்றித் தருவது என் வேலை. வீட்டில் மாட்டும் புகை அலாரம் பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்தபோது ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். தீப்பிடிக்காத நேரத்தில் அலாரம் அடித்தால் மலாயில் அதை 'பெங்கெரா பால்சு' என்கிறார்கள். பால்சு என்றால் பொய், போலி. நானும் 'பொய் அலாரம்' என்று எழுதினேன். பிறகு அதை அழித்தேன். இதே சொல்லைச் சொல்லித்தான் என் பாட்டி வீட்டில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம்.

பாட்டி வீட்டில் நடந்தது

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் விறகடுப்பில் சமைத்துத்தான் ஆறு பிள்ளைகளை வளர்த்தார். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கேஸ் அடுப்பு இருந்தது. ஆனாலும் மீன் குழம்புக்கும் குளிக்கிற வெந்நீருக்கும் விறகுதான்.

முதலில் அந்த அடுப்பு வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் இருந்தது. மழைக்காக மேலே ஜிங்க் கூரை போட்டோம். சாரல் அடிக்கிறது என்று பக்கத்தில் சுவர் எழுப்பினோம். திருட்டுப் பயத்தில் கிரில் கதவு வைத்தோம். கொசு வருகிறது என்று வலை அடித்தோம். கடைசியில் அந்த இடமே சமையலறையாகிவிட்டது. அடுப்பு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. வீடுதான் வளர்ந்து வந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

மாமா ஒரு புகை அலாரம் வாங்கி வந்து, சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகும் வழியில் மாட்டினார். முதல் வாரத்திலேயே அது நாலைந்து முறை அலறியது. ஓடிப்போய்ப் பார்ப்போம், தீ இருக்காது. பாட்டி சிரிப்பார்: "சும்மா சும்மா பொய் சொல்லுதுடா இந்தப் பெட்டி." ஒரு நாள் இரவு விருந்தாளிகள் இருந்த நேரத்தில் அது அடித்தது. யாரோ நாற்காலி போட்டு ஏறி, உள்ளே இருந்த இரண்டு பேட்டரியையும் கழற்றிவிட்டார்கள். மறுநாள் அவை டிவி ரிமோட்டுக்குப் போய்விட்டன. அதன் பிறகு வீடு அமைதியாக இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்துப் பாட்டிக்கு மூச்சு முட்டியது. மருத்துவமனையில் சேர்த்தோம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். பாட்டி வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா?" இரண்டாவது கேள்வி, "பாட்டி விறகில் சமைப்பாரா?"

அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் எனக்கு அந்த அலாரம்தான் நினைவுக்கு வந்தது. பாட்டியின் நோய் அந்தச் சில மாதங்களில் வந்ததல்ல, பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தது. ஆனால் வீட்டுக்குள் புகை நிற்கிறது என்று வாரத்துக்கு நாலு முறை ஒரு கருவி எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. தீ இல்லை என்பதால் அது பொய் சொல்கிறது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அதன் பெயர் தீ அலாரம் அல்ல, புகை அலாரம். புகை இருந்தது, அதனால் அடித்தது.

இன்று நீங்கள் ஒன்றே ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துப் போங்கள்: விறகடுப்பு எரியும்போது அலாரம் அடித்தால், தீ இல்லையென்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தப் புகை ஏன் வீட்டுக்குள் வந்தது?

அந்தப் புகையில் என்ன இருக்கிறது?

2015-லும் 2019-லும் வந்த புகைமூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிகளை மூடினார்கள். முகக்கவசம் இல்லாமல் வெளியே போகப் பயந்தோம். அந்தப் புகைமூட்டத்தில் நாம் பயந்த அதே நுண்துகள்தான் விறகுப் புகையிலும் இருக்கிறது. பிஎம் 2.5 என்று சொல்வார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் அதன் அளவு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. நுரையீரலின் அடி ஆழம் வரை போகும், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். நுரையீரல் நோய் மட்டுமல்ல, மாரடைப்பு, பக்கவாதம், பிள்ளைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்குக் கண்புரை ஆகியவற்றோடும் வீட்டுப் புகைக்குத் தொடர்பு உண்டு.

சமையல் புகையால் வீட்டுக்குள் காற்று கெடுவதால் 2020-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்புக்கு முன்னால் நிற்கும் பெண்களும், அவர்கள் இடுப்பிலும் காலடியிலும் இருக்கும் பிள்ளைகளும்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

"நாங்கள் எல்லாம் விறகில் சமைத்தே எண்பது வயது வரை இருக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். என் பாட்டியும் கேட்டார். லயத்து வீட்டுச் சமையலறைகளில் பலகை இடுக்கு வழியாகவும் கூரை இடைவெளி வழியாகவும் காற்று போய் வந்தது. இன்று நாம் ஓடு பதித்து, சீலிங் அடித்து, கண்ணாடி ஜன்னலைச் சாத்திவிட்டு அதே விறகை எரிக்கிறோம். அந்தக் காலத்திலும் இருமிக்கொண்டே வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

அலாரம் அடித்தவுடன் என்ன செய்வது?

காரணம் தேடுவதற்கு முன்னால் உயிரைப் பார்க்க வேண்டும். எந்த அலாரமாக இருந்தாலும், இது வழக்கமாக அடிப்பதுதான் என்று உட்கார்ந்த இடத்திலேயே இருக்காதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.

அடுப்புக்கு வெளியே எங்காவது நெருப்பு பற்றியிருந்தாலோ, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத புகை இருந்தாலோ, பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், அது தீயைக் கொஞ்ச நேரம் தடுக்கும். வெளியே வந்த பிறகு 999-ஐ அழையுங்கள். பணம், நகை, பாஸ்போர்ட் எதற்காகவும் திரும்பி உள்ளே போகாதீர்கள். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெருப்பு குபீரென்று மேலே பாயும். கைக்கு எட்டினால் மூடியைப் போட்டு மூடி, அடுப்பை அணையுங்கள். முடியாவிட்டால் வெளியேறுங்கள்.

இங்கே கிரில் கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். ஜன்னல்களில் இருந்த இரும்புக் கிரில்லை அவர்களால் தாண்ட முடியவில்லை. நம் வீடுகளிலும் முன்னும் பின்னும் கிரில், அதில் பூட்டு. சாவி அலமாரியில் இருக்கும், அல்லது யாரோ ஒருவர் சட்டைப் பையில் இருக்கும். அலாரம் சரியாக வேலை செய்தும் கதவைத் திறக்க முடியவில்லை என்றால் பயனில்லை. கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், ஓர் ஆணியில் சாவியை மாட்டி வையுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அந்த இடம் தெரிய வேண்டும். இருட்டில் எடுத்துத் திறக்க ஒரு முறை பழக்கிவிடுங்கள்.

தீ இல்லை, அடுப்புப் புகைதான் என்று உறுதியானால் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அலாரத்தில் நிறுத்து பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். சில நிமிடம் அமைதியாக இருக்கும், பிறகு தானாக விழித்துக்கொள்ளும். பேட்டரியை மட்டும் கழற்றாதீர்கள். கழற்றியவர்கள் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். நாங்கள் மறந்தோம்.

எப்போது அடிக்கிறது என்று குறித்து வையுங்கள்

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சமையலறைக் காலண்டரில் அலாரம் அடித்த நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பற்ற வைக்கும்போதா, சமைக்கும்போதா, சமைத்து முடித்த பிறகா, மழை நேரத்திலா? இரண்டு வாரம் எழுதினால் காரணம் தானாகத் தெரியவரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தெரிந்தது.

பற்ற வைக்கும்போது அடித்தால் பெரும்பாலும் விறகைப் பாருங்கள். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரை நெருப்பு சூடேறாது. சூடேறாத நெருப்பு புகையைத்தான் கக்கும். நன்றாக எரிய ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இதைப் பார்க்கக் கருவி தேவையில்லை. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டக்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று மந்தமாகச் சத்தம் தரும். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு தெரியும். எரியும்போது முனையில் நுரை தள்ளி 'உஸ்' என்று சத்தம் வந்தால் அது இன்னும் ஈரம்.

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது பால்மர விறகு. நல்ல விறகுதான். ஆனால் காயாமல் கிடந்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்று போக விடுங்கள். முழுவதும் கன்வாஸ் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். நம் ஊர் மழைக்குப் பல மாதம் காய வேண்டும். தேங்காய் மட்டை நிறைய புகையும், சிரட்டை நன்றாக எரியும்.

பற்ற வைக்கப் பிளாஸ்டிக் பையையும் மண்ணெண்ணெயையும் பயன்படுத்தாதீர்கள். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய மேசை நாற்காலித் துண்டு இவற்றையும் அடுப்பில் வைக்காதீர்கள். பசையும் பெயிண்டும் பூச்சி மருந்தும் எரிந்து நச்சுப் புகையாக வரும். கையளவு சிராய், அதற்கு மேல் விரல் தடிமன் குச்சி, அது பிடித்த பிறகு பெரிய கட்டை என்று போனால் ஐந்து நிமிடத்தில் தெளிவான தீ வரும்.

சமைக்கும் நடுவில் அடித்தால் அடுப்பின் வாயையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். வாய் நிறைய விறகைத் திணித்தால் காற்று போக வழியில்லை, நெருப்பு திணறும். அடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்து விறகைச் சற்றுத் தூக்கி வைத்தால் கீழேயிருந்து காற்று வரும். தினமும் சாம்பலை அள்ளுங்கள். அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைத் தொட்டியிலோ போடாதீர்கள். சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

புகைபோக்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டின் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் மின்விசிறியைப் போட்டால் அது வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாகத்தான் கீழே இறங்கி வரும், புகையையும் கூட்டிக்கொண்டு வரும். மின்விசிறி போட்டபோது அலாரம் அடித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அடுப்புக்கு அருகில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தாலே சரியாகிவிடும்.

காற்றும் மழையுமான நேரத்தில் மட்டும் அடித்தால் குழாயின் உச்சியைப் பாருங்கள். மலாக்கா நீரிணையைக் கடந்து அதிகாலையில் வரும் சுமத்திரா காற்றை இங்கே எல்லாருக்கும் தெரியும். குழாய் கூரையின் முகட்டைவிடத் தாழ்வாக இருந்தால் அந்தக் காற்று புகையைக் கீழே அமுக்கும். குழாயை உயர்த்தி, மேலே தொப்பி வைக்க வேண்டும். குழாய் குளிர்ந்திருந்தாலும் முதல் சில நிமிடம் புகை மேலே போகாது. பற்ற வைக்கும்போது ஒரு தாளைக் கொளுத்திக் குழாயின் வாயருகே சற்று நேரம் பிடித்தால் இழுப்பு தொடங்கிவிடும்.

முன்பு சரியாக இருந்து இப்போது மெல்ல மெல்ல மோசமாகிறது என்றால் குழாய் அடைத்திருக்கும். ஈர விறகு எரித்தால் கீல் போன்ற கறுப்புப் படிவு உள்ளே ஒட்டும். பறவைக் கூடும் இருக்கலாம். அந்தப் படிவு தானே தீப்பிடிக்கக் கூடியது. இந்தியாவில் 1980-களில் அரசே பல லட்சம் வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்பு கட்டிக் கொடுத்தது. அவற்றில் நிறைய அடுப்புகள் சில ஆண்டுகளில் பயனற்றுப் போயின. குழாயைச் சுத்தம் செய்யாததும் உடைந்ததைச் சரிசெய்யாததும் முக்கியக் காரணங்கள். புகைபோக்கி கட்டினால் மட்டும் போதாது, துலக்கவும் வேண்டும்.

சமைத்து முடித்த பிறகு அடிக்கிறதா? எங்கள் வீட்டுக் காலண்டரில் பாதிக்கு மேல் இந்த நேரம்தான். பாட்டி சமைத்து முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றுவார். வெள்ளைப் புகையும் நீராவியும் சேர்ந்து கிளம்பும். தண்ணீர் ஊற்றாமல் விறகை அடுப்பிலேயே விட்டாலும் அது கனிந்து கனிந்து புகையும். சுடர் விட்டு எரியும் நெருப்பைவிட, சுடர் அடங்கிக் கனியும் கட்டைதான் அதிகப் புகையும் அதிக நச்சு வாயுவும் தரும். எரியாத பாதிக் கட்டையை இடுக்கியால் இழுத்து, வெளியே மணல் நிரப்பிய தகர வாளியில் முனையைப் புதைத்துவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்ததிலேயே எங்கள் வீட்டு அலாரம் பாதி அடங்கியது.

வெள்ளிக்கிழமை மாலையில் அடித்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. அடுப்பிலிருந்து கங்கை எடுத்துத் தூபக்காலில் போட்டு, சாம்பிராணி தூவி வீடு முழுக்கக் காட்டுகிறோம். பக்தியில் குறை வைக்க வேண்டியதில்லை. வாசலிலும் பூஜை அறையிலும் ஜன்னலைத் திறந்து வைத்துக் காட்டுங்கள், கொஞ்சமாகத் தூவுங்கள். ஆனால் குளிப்பாட்டிய கைக்குழந்தையின் தலையைக் காய வைக்கச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறது, அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

கருவியே காரணமாக இருக்கும்போது

புகையே இல்லாமல் அடிக்கும் நேரமும் உண்டு. அப்போது கருவியைப் பாருங்கள்.

நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் அது எச்சரிக்கை அல்ல, பேட்டரி தீர்கிறது என்று பொருள். மாற்றுங்கள். மாற்றியும் கீச்சிட்டால் பின்பக்கம் தயாரித்த தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு ஆகிவிட்டால் கருவியையே மாற்ற வேண்டும். ஓட்டை வழியாகச் சிறு எறும்பும் சிலந்தியும் உள்ளே போய்விடும், தூசியும் சேரும். சில மாதத்துக்கு ஒரு முறை மென்மையான தூரிகையாலோ வெற்றிடத் துடைப்பானாலோ சுத்தம் செய்யுங்கள். பூச்சி மருந்தை அதன்மேல் அடிக்காதீர்கள். சோற்றுப் பானை, இட்லிப் பானை, குளியலறை இவற்றின் நீராவியும் அதை ஏமாற்றிவிடும்.

இரண்டு வகை அலாரம் கடையில் கிடைக்கும். அயனி வகை, சுடர் விட்டு எரியும் தீயை வேகமாகப் பிடிக்கும். ஆனால் சமையலின் கண்ணுக்குத் தெரியாத துகளுக்கும் சீக்கிரம் அலறும். ஒளி வகை, கனிந்து புகையும் மெத்தை, துணி போன்றவற்றை வேகமாகப் பிடிக்கும், சமையலுக்கு அவ்வளவாக அலறாது. சமையலறையை ஒட்டிய இடத்துக்கு ஒளி வகையே பொருத்தம். வாங்கும்போது பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

அலாரம் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். சீலிங்கில் மாட்டுங்கள். காற்றாடியின் இறக்கையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் காற்றாடி புகையை விரட்டிவிடும். முக்கியமாகப் படுக்கை அறைப் பக்கம் ஒன்று வேண்டும். தூங்கும்போது புகையின் வாசனை நம்மை எழுப்பாது, சத்தம்தான் எழுப்பும். சமையலறைக்குள்ளேயே ஒன்று வைக்க விரும்பினால் புகைக்குப் பதில் வெப்பத்தை உணரும் கருவியைக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

அலாரத்துக்குத் தெரியாத ஒரு வாயு

கடைசியாக, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். புகை அலாரம் அடிக்கவில்லை என்பதால் காற்று நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. விறகும் கரியும் கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டிக்கொள்ளும் வலு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. இதற்கென்று தனி அலாரம் உண்டு. மூடிய சமையலறையில் விறகு எரிப்பவர்கள் அதையும் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு. வீட்டிலுள்ள இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்து, வெளியே போனால் குறைந்தால், காய்ச்சல் என்றோ சாப்பாடு சேரவில்லை என்றோ நினைக்காதீர்கள். எல்லாரும் வெளியே வாருங்கள், 999-ஐ அழையுங்கள், விறகோ கரியோ எரித்தோம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றும். மழைக்காலத்தில் குளிருக்காகவோ, பிள்ளை பெற்றவளுக்கு அனல் வேண்டும் என்றோ, கங்குச் சட்டியைப் படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதை ஒருபோதும் செய்யாதீர்கள். புகையாத கங்கு என்பதால் அது ஆபத்து இல்லாதது என்று ஆகிவிடாது.

கேள்வி பதில்

கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "அப்படியென்றால் விறகடுப்பையே இடித்துவிட வேண்டுமா?"

அன்றாடச் சமையலுக்குக் கேஸோ மின்சார அடுப்போதான் நுரையீரலுக்கு நல்லது, அம்மா. வீட்டில் ஆஸ்துமாக்காரரோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, இருதய நோயாளியோ இருந்தால் இதில் தயங்கவே வேண்டாம். பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் விறகு வேண்டும் என்றால் அடுப்பைத் திரும்பவும் திறந்தவெளிக்குக் கொண்டு போங்கள். புகைமூட்ட நாள்களில் அதுவும் வேண்டாம்.

ஓர் ஐயா கேட்டார்: "வாடகை வீடு. சீலிங்கில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். என்ன செய்வது?"

பேட்டரியில் ஓடும் அலாரத்துக்கு வயர் இழுக்க வேண்டியதில்லை, ஐயா. ஒன்றிரண்டு சிறிய திருகாணி போதும். அது எல்லார் உயிருக்கும் நல்லது என்று வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். எந்த இடத்தில் வைப்பது என்று சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள பொம்பா நிலையத்தில் கேட்கலாம்.

இன்னொருவர் கேட்டார்: "இப்போது பாட்டி எப்படி இருக்கிறார்?"

இருக்கிறார். கிளினிக்கில் கொடுத்த இன்ஹேலரைத் தினமும் இழுக்கிறார். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது, ஆனால் புகை நின்ற பிறகு இரவில் இருமல் குறைந்திருக்கிறது. விறகடுப்பு வேலி ஓரம் மாமரத்தடிக்குப் போய்விட்டது, வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் எரிகிறது. அலாரத்துக்குப் புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது. மாதத்தின் முதல் நாள் சோதனைப் பொத்தானை அழுத்துவது பாட்டியின் வேலை. துடைப்பக் கட்டையின் முனையால் அழுத்துகிறார்.

அந்தக் கையேட்டில் கடைசியில் நான் என்ன சொல் போட்டேன் என்று சொல்லவில்லையே. 'தீயில்லாப் புகை எச்சரிக்கை' என்று போட்டேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் அடுப்பைப் போய்ப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை. அலாரம் இருந்தால் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கிரில் சாவி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.